பழசாகவே பிறந்த கடை

நியூயார்க்கின் கிழக்கு 7ஆம் தெருவில் 15ஆம் எண்ணுள்ள கட்டடம் செங்கல்லால் எழுப்பிய ஐந்து மாடிக் குடியிருப்பு. அதன் தரைத்தளத்தில் இருக்கிறது ‘மெக்சோர்லியின் பழைய ஏல் கடை’. ஏல் என்பது பியரில் ஒரு வகை. கடை 1854இல் தொடங்கியது என்பது கடையாரின் கணக்கு. அந்தக் கணக்கை நம்பாமல் ரிச்சர்ட் மெக்டெர்மட் என்ற நியூயார்க் வரலாற்று ஆர்வலர் நகரின் பழைய சொத்து மதிப்பீட்டுப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். 1861 வரை அந்த இடம் காலி மனையாகவே பதிவாகியிருந்தது. நிறுவனர் ஜான் மெக்சோர்லியின் பெயர் நகர முகவரிப் புத்தகத்தில் முதலில் வருவது 1862இல். கட்டடம் ஏறத்தாழ 1865இல் எழுந்தது என்கிறது நகரின் மரபுச்சின்னப் பாதுகாப்பு ஆணையம்.

மறுபக்கத்துச் சான்றுகளும் இல்லாமல் இல்லை. கடைக்கு நாற்பது வயது என்று 1895இலேயே ஒரு நியூயார்க் நாளிதழ் எழுதியிருக்கிறது. 1854 என்று குறிப்பிடும் 1904ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவை இரண்டும் பின்னாளில் எழுதப்பட்டவை என்பதால் பதிவேட்டுக்கு இணையான எடை இவற்றுக்கு இல்லை. ஏழெட்டு ஆண்டு முன்னே பின்னே ஆனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். குறைவது ஆபிரகாம் லிங்கன். 1860 பிப்ரவரி 27 அன்று, இந்தக் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கூப்பர் யூனியன் கல்லூரி மண்டபத்தில் லிங்கன் பேசினார். அவரைக் குடியரசுத் தலைவர் பதவியை நோக்கி நகர்த்திய பேச்சு அது. பேசி முடித்துவிட்டு இங்கே வந்து ஒரு கோப்பை ஏல் அருந்தினார் என்பது கடையின் தலபுராணம். 1861 வரை காலி மனை என்றால் லிங்கன் வெட்டவெளியில்தான் குடித்திருக்க வேண்டும். அவர் மதுவை அநேகமாகத் தொடாதவர், மதுவிலக்கு இயக்கக் கூட்டத்திலேயே பேசியவர் என்பது வேறு விஷயம்.

இந்தச் சிறிய தகராறைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒன்றரை நூற்றாண்டாக ஒரு மதுக்கடை மனிதர்களை இழுத்துக்கொண்டே இருப்பது எதனால் என்று கேட்டால், உடனே வரும் பதில் ‘அது மாறவே இல்லை’ என்பது. மெக்சோர்லி கடையின் வரலாற்றை ஆண்டுவாரியாகப் பார்த்தால் அந்தப் பதில் தேறவில்லை. எதை மாற்றாமல் வைப்பது, எதை நைசாக மாற்றிக்கொள்வது என்று ஒவ்வொரு தலைமுறை உரிமையாளரும் முடிவெடுத்திருக்கிறார்கள். அங்கே காண்கிற பழமை அந்த முடிவுகளின் தொகை.

ஜான் மெக்சோர்லி அயர்லாந்தின் டைரோன் பகுதியைச் சேர்ந்தவர். உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தைத் துடைத்தெடுத்த காலம். 1851இல் லிவர்பூலில் கப்பலேறி நியூயார்க் வந்து சேர்ந்தார். கடை திறந்தபோது அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஊரிலுள்ள பழைய வீடு’. புத்தம் புதிய கடை, புலம்பெயர்ந்து வந்த வாடிக்கையாளர்கள், பலகையில் மட்டும் விட்டுவந்த ஊரின் நினைப்பு. 1908 வாக்கில் அந்தப் பலகை காற்றில் விழுந்த பிறகுதான் மெக்சோர்லி என்ற பெயரே முகப்பில் ஏறியது. ஆக, இக்கடை பழமையை விற்கத் தொடங்கியது வயதான பிறகு அல்ல, முதல் நாளிலேயே.

விற்றது மிகக் கொஞ்சம். ஏல், பச்சை வெங்காயம், பாலாடைக்கட்டி, உப்பு பிஸ்கட். வெங்காயம் என்றால் ஜானுக்கு உயிர். சாராய வகைகளை 1905 வாக்கில் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். அடுப்பில் சுடவைத்த ஏலுக்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்பது அவர் கட்சி. இன்றும் அங்கே மேசையில் உட்கார்ந்தால் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: வெளுப்பா, கறுப்பா? எதைச் சொன்னாலும் இரண்டு சிறு கோப்பைகளாக வரும். தரையில் மரத்தூள், நடுவில் கணப்படுப்பு. பட்டியல் பார்த்துத் திகைக்க வேலையில்லை. தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பரிசாரகர் ஒரே நடையில் இரண்டு கைகளிலும் கோப்பைகளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போய்விடுவார். இதில் அழகியல் இருக்கிறதோ இல்லையோ, கணக்கு இருக்கிறது. இரண்டே சரக்கு என்றால் இருப்பில் முடங்கும் பணம் குறைவு, வீணாவது குறைவு, பணியாளுக்குப் பழக்க வேண்டியது குறைவு, ஒரு மணி நேரத்தில் விற்கும் கோப்பைகள் அதிகம். கிழவரின் பிடிவாதம் என்று சிரித்துக்கொண்டே சொல்லப்படுவது நல்ல வியாபாரமாகவும் இருந்திருக்கிறது. இந்தப் பக்கத்தை யாரும் அதிகம் எழுதுவதில்லை.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். 1880களின் முடிவுக்குள் ஜான் அந்தக் கட்டடத்தையே வாங்கிவிட்டார். குடும்பம் மாடியில், கடை கீழே. நியூயார்க்கில் பழைய கடைகளைக் கொல்வது பெரும்பாலும் வாடகை. ஒப்பந்தம் முடிகிற நாளில் உரிமையாளர் இரண்டு மடங்கு கேட்பார், நூறு வருடப் பெருமை அன்று மாலையே மூட்டை கட்டும். ஜானின் மகன் பில் மெக்சோர்லிக்கு அந்த நெருக்கடி இருக்கவில்லை. 1910இல் ஜான் 87 வயதில் இறந்தபின் பொறுப்புக்கு வந்த பில், வியாபாரம் பெருகுவதை விரும்பாத வியாபாரி. கூட்டம் கூடினால் எரிச்சல்படுவாராம். தந்தை சுவரில் மாட்டிய எதையும் அவர் கழற்றவில்லை. 1910க்குப் பிறகு அங்கே எதுவும் அகற்றப்படவில்லை என்று கடையார் இன்றும் பெருமையாகச் சொல்வதன் தொடக்கம் இந்த மகனின் துக்கம். வாடகை கட்ட வேண்டியிருந்தால் அந்தத் துக்கம் எவ்வளவு காலம் தாங்கியிருக்கும் என்பது என் சந்தேகம்.

பில் தந்தையின் கடையைப் பூட்டி வைத்ததைப் போலக் காத்துக்கொண்டிருந்தபோது, வெளியிலிருந்து அதற்குப் புகழ் வந்தது. ஜான் ஸ்லோன் என்ற ஓவியர் 1912இல் தொடங்கி 1930 வரை இக்கடையை ஐந்து எண்ணெய் ஓவியங்களாகத் தீட்டினார். முதலாவதான ‘மெக்சோர்லியின் பார்’ 1913இல் நியூயார்க்கில் நடந்த புகழ்பெற்ற ஆர்மரி கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஐரோப்பிய நவீன ஓவியங்கள் அமெரிக்கர்களைத் திடுக்கிட வைத்த அதே கண்காட்சி. பழுப்பும் கறுப்பும் கலந்த மங்கல் வெளிச்சத்தில் நாலைந்து ஆண்கள் நின்று ஏல் குடிக்கும் இந்தப் படத்தை அப்போது யாரும் வாங்கவில்லை. டெட்ராய்ட் கலைக்கூடம் 1924இல் வாங்கியது. அங்கே படத்தைப் பார்த்தவர்கள் நியூயார்க் வரும்போது கடையைத் தேடி வரத் தொடங்கினார்கள். கவிஞர் ஈ. ஈ. கம்மிங்ஸும் 1920களில் இந்தக் கடையில் உட்கார்ந்திருந்ததைக் கவிதையாக்கினார்.

எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிந்தது ஜோசப் மிட்செல் எழுதிய கட்டுரை. 1940 ஏப்ரலில் ‘நியூயார்க்கர்’ இதழில் வந்தது; 1943இல் அவரது நூலின் தலைப்பிலேயே கடையின் பெயர் ஏறியது. மிட்செல் தெற்கே வட கரோலினாவில் புகையிலையும் பருத்தியும் விளையும் ஊரிலிருந்து வந்தவர். மறையப்போகும் மனிதர்களை எழுதுவதில் அவருக்கு இணை குறைவு. கல்லாப்பெட்டி இயந்திரம் கிடையாது, சில்லறை சூப் கிண்ணங்களில் வகைவகையாகக் கிடக்கும், நோட்டுகள் மரப்பெட்டிக்குள் என்பது போன்ற விவரங்களை அடுக்கிக்கொண்டே போவார். பக்கத்துக் கல்லூரியை நிறுவிய தொழிலதிபர் பீட்டர் கூப்பர் இங்கே வாடிக்கையாளர், பின்னறையில் அவருக்கென ஒரு நாற்காலி இருந்தது, 1883இல் அவர் இறந்தபின் நினைவு நாளில் அந்த நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்துவார்கள் என்பதும் அவர் வழியாகவே நமக்கு வருகிறது. 1940இலேயே மிட்செலின் தொனி, அணையப்போகும் விளக்கைப் பார்ப்பவருடையது. 1912இல் ஸ்லோனுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். இன்று அங்கே போய்விட்டு வந்து எழுதுகிறவர்களும் அதே தொனியில்தான் எழுதுகிறார்கள். நூறு வருடங்களுக்கு மேலாக அந்தக் கடை முடியப்போகிறது.

மிட்செலை அப்படியே சாட்சியாக ஏற்பதிலும் ஒரு சிக்கல். அவர் எழுதிய சில மனிதர்கள் பலரைக் கலந்து உருவாக்கப்பட்டவர்கள் என்று 2015இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்றில் தாமஸ் கங்கெல் காட்டினார். மெக்சோர்லி கட்டுரையில் வரும் ஒவ்வொரு வாய்மொழியையும் அதனால் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். இருந்தாலும் ஒரு விவரத்தில் அவர் பேருதவி செய்கிறார்.

பாருக்கு மேலே, இரண்டு பழைய எரிவாயு விளக்குகளை இணைக்கும் கம்பியில் பறவை எலும்புகள் தொங்குகின்றன. கோழி, வான்கோழி போன்றவற்றின் நெஞ்சுப் பகுதியில் கவை போல இருக்கும் எலும்பு அது; விருந்துக்குப் பிறகு ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்து, பெரிய துண்டு யார் கையில் வருகிறதோ அவர் நினைத்தது நடக்கும் என்பது அங்குள்ளவர் நம்பிக்கை. இன்று கடைக்குள் நுழையும் எவருக்கும் சொல்லப்படும் கதை இது: முதல் உலகப்போருக்குப் புறப்பட்ட பையன்கள் கடைசி விருந்துக்குப் பின் எலும்பை மாட்டிவிட்டுப் போனார்கள், திரும்பி வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள், தொங்குபவை திரும்பாதவர்களுடையவை. கேட்பவர் தலை தானாக மேலே நிமிரும். ஆனால் 1940இல், அந்தப் போர் முடிந்து இருபத்திரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தபோது, மிட்செல் எழுதியது வேறு. கிழவர் ஜான் பண்டிகை நாள் வான்கோழிகளின் எலும்புகளைச் சேர்த்து மாட்டி வைத்தார் என்பதுதான் அதில் இருக்கிறது. போர்வீரர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படியொரு கதை அப்போது கடையில் உலவியிருந்தால் மிட்செல் போன்ற ஒருவர் அதைத் தவறவிட்டிருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை.

ஆக எலும்புகள் அதே எலும்புகள், அவற்றின் பொருள் பிறகு வந்து சேர்ந்தது. இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. பண்டிகைக்கால ஞாபகமாக ஒரு கிழவர் மாட்டியதை, பிள்ளைகளைப் போர்களில் தொலைத்த ஒரு நாடு தன் ஞாபகமாக மாற்றிக்கொண்டது. இரண்டாம் உலகப்போர், கொரியா, வியட்நாம் என்று இடையில் எத்தனை வந்துவிட்டன. 2011இல் நகரச் சுகாதாரத் துறையின் பரிசோதனைக்குப் பிறகு, எலும்பின் மேல் பாசிபோல் திரண்டிருந்த நூற்றாண்டுத் தூசியைத் துடைக்க வேண்டி வந்தது. உரிமையாளர் மேத்யூ மாஹர் ஒரு நாள் கடை மூடியபின் தாமே ஏணி போட்டு ஏறினார். பணியாளர்களை அந்த வேலை செய்யச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சிலவற்றைத் துடைத்தார், திரும்ப மாட்டினார். அந்தச் செய்தி நகர நாளிதழ்களில் வந்தது. தூசி துடைத்தது செய்தியாகும் கடை உலகில் அதிகம் இருக்காது.

1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. மதுவிலக்கு அமலில் உள்ள ஊரில் மது எப்படிக் கிடைக்கும் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. மெக்சோர்லி கடை ஒரு நாள் கூட மூடவில்லை. போதை நீக்கிய பியர் என்ற பெயரில், நிலவறையில் காய்ச்சிய சரியான ஏல் மேலே வந்துகொண்டிருந்தது. அரசியல்வாதிகளும் காவல் அதிகாரிகளும் வாடிக்கையாளர்களாக இருந்ததால் சோதனை எதுவும் நடக்கவில்லை என்கிறார் மிட்செல். ஸ்லோனின் ‘சனிக்கிழமை இரவு’ ஓவியம் இந்தக் காலத்தது, படத்தில் நெரிசல். பில் 1936இல் கடையை விற்றதும் ஓய்வுபெற்ற போலீஸ்காரரான டேனியல் ஓகானலுக்கே. எதையும் மாற்றமாட்டேன் என்ற வாக்குறுதியோடு வாங்கிய ஓகானல் 1939இல் இறந்துபோனார். கடை அவர் மகள் டோரத்தி ஓகானல் கிர்வனுக்கு வந்தது.

இங்கேதான் கதை முறுக்கேறுகிறது. நல்ல ஏல், பச்சை வெங்காயம், பெண்களுக்கு அனுமதி இல்லை என்பது கடையின் வாசகம். அதன் உரிமையாளர் இப்போது ஒரு பெண். எதையும் மாற்றமாட்டேன் என்று தந்தைக்குக் கொடுத்த வாக்கை டோரத்தி மீறவில்லை: கணவர் ஹாரி கிர்வனை நிர்வாகத்துக்கு அமர்த்திவிட்டு, கடை திறந்திருக்கும் நேரத்தில் தாம் உள்ளே வராமலே இருந்தார். முப்பது ஆண்டுகள் இப்படி நடந்தது. அத்தனை காலமும் பின்னறைச் சுவரில், பிரெஞ்சு ஓவியர் கூர்பேயின் புகழ்பெற்ற ஓவியத்தைப் பார்த்து வரைந்த நிர்வாணப் பெண்ணும் அவள் கிளியும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். சித்திரத்தில் இருந்தால் பெண்ணுக்கு இடமுண்டு.

1969 ஜனவரியில் சிராக்யூஸ் நகரிலிருந்து வந்த ஃபெயித் சைடன்பர்க் என்ற வழக்கறிஞரும் கேரன் டெக்ரோவும் உள்ளே போய் ஏல் கேட்டார்கள். இருவரும் தேசியப் பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவர்கள். மறுக்கப்பட்டது, வழக்குப் போட்டார்கள். சட்டப்படி இது எளிய வழக்கல்ல. பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுத்த 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் அந்தப் பிரிவில் இனம், நிறம், மதம், பிறந்த நாடு எல்லாம் இருந்தன, பாலினம் இல்லை. அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம் சமத்துவத்தை உறுதி செய்கிறது, ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசை. தனியார் கடையை அல்ல. ஆகவே வாதம் இப்படிச் சென்றது: மது விற்க மாநிலம் உரிமம் தருகிறது, கண்காணிக்கிறது, யார் விற்கலாம் என்று முடிவு செய்கிறது, அப்படியானால் இந்தக் கடையின் பாகுபாட்டில் மாநிலத்துக்கும் பங்குண்டு. 1970 ஜூனில் கூட்டாட்சி நீதிபதி வால்டர் மான்ஸ்ஃபீல்ட் இதை ஏற்றார். இது தனியார் மன்றமல்ல, தெருவில் போகும் எவரையும் வரவேற்கும் கடை, ஆகவே பாதிப் பேரை மட்டும் வெளியே நிறுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்ட வரலாற்றில் இதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 1972இல் மூஸ் லாட்ஜ் வழக்கில், மது உரிமம் தந்ததாலேயே அரசு பாகுபாட்டில் பங்காளி ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மெக்சோர்லி தீர்ப்பு நின்ற தரையே நழுவியது. ஆனால் அதற்குள் நகர மேயர் ஜான் லிண்ட்சே, பொது இடங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் நகரச் சட்டத்தில் 1970 ஆகஸ்டில் கையெழுத்திட்டிருந்தார். கதவு திறந்தது. முதல் நாளில் உள்ளே போன பெண்ணிய இதழாளர் லூசி கோமிசர் மீது யாரோ ஏலைக் கொட்டினார்கள். முதல் பெண் வாடிக்கையாளராக நுழையும்படி டோரத்தியைக் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார், தந்தைக்குக் கொடுத்த வாக்கு. அந்த இடம் அதே தெருவில் தோல் செருப்பு தைத்து விற்ற ஒரு பெண்ணுக்குப் போனது. பெண்களுக்கெனத் தனிக் கழிப்பறை வர 1986 வரை ஆயிற்று. உள்ளே விடச் சொல்லிச் சட்டம் வந்த பிறகும் பதினாறு ஆண்டுகள்.

கடை மாறாமல் இருப்பதே அதன் ஈர்ப்பு என்பவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போகிறார்கள். ‘பெண்கள் இல்லாமை’ அந்தக் கடையின் உயிர்நாடி என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். அதை எடுத்ததும் கடை செத்துவிடும் என்று புலம்பியவர்களும் உண்டு. எதுவும் ஆகவில்லை. மரத்தூள், கோப்பைகள், வெங்காயம், எலும்புகள் எல்லாம் அப்படியே இருக்க, கூட்டம் கூடியது. ஒரு மரபுக்குள் எது தூண், எது வெறும் பழக்கம் என்பது அதைப் பிடுங்கிப் பார்க்கும்வரை தெரிவதில்லை. பிடுங்கியதும் கட்டடம் நின்றது. அதை ரசித்தவர்கள் ரசித்தது மற்றவரை வெளியே நிறுத்தும் சுகத்தைத்தான் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம்.

சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் எழுதிய நூலில், வீடு ஒன்று, வேலையிடம் இரண்டு, இவற்றுக்கு அப்பால் மனிதர்கள் சும்மா கூடிப் பேசும் ‘மூன்றாம் இடம்’ என்ற கருத்தை வைத்தார். பேட்டை மதுக்கடைகளைப் பற்றிய கட்டுரைகளில் இது தவறாமல் வரும். மெக்சோர்லிக்கு இன்று இது பாதிதான் பொருந்தும். ஒரு காலத்தில் ஜெர்மானியர்களும் ஐரிஷ்காரர்களும் நெருங்கி வாழ்ந்த பேட்டை அது. பிறகு உக்ரேனியர் வந்தார்கள். அவர்களுடைய புனித ஜார்ஜ் தேவாலயம் கடைக்கு எதிரிலேயே இருக்கிறது. 1960களில் ஹிப்பிகள், அதன்பின் பல்கலைக்கழக மாணவர்கள், இப்போது கொழுத்த வாடகை கட்டும் இளைஞர்கள். கணப்படுப்பைச் சுற்றி நாள் முழுக்க உட்கார்ந்திருந்த தெருக்காரக் கிழவர்களுக்கு மிட்செல் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தார். அந்த நாற்காலிகளில் இன்று உட்காருபவர்களில் பலர் வெளியூரார். பேட்டைக்கடை பேட்டையைத் தாண்டி வாழ்ந்துவிட்டது. ஆனால் பேட்டைக்கடையின் நடைமுறையை விடவில்லை: ஊர் பார்க்க வந்தவரும் முன்பின் தெரியாத இருவர் நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார வேண்டும், அதட்டலாகப் பேசும் பரிசாரகருக்குச் சட்டென்று பதில் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் அவரும் அந்தத் தெருக்காரர் ஆகிவிடுகிறார். மக்கள் திரும்பத் திரும்ப வருவது இதற்காக என்றே நினைக்கிறேன். எலும்புக்கும் லிங்கனுக்கும் ஒரு முறை வந்தால் போதும்.

இதே நகரில் இதைவிடப் பழைய கட்டடத்தில் இருந்த பிரிட்ஜ் கஃபே 2012இல் சாண்டி புயல் வெள்ளம் புகுந்து மூடியது. எழுத்தாளர்களின் கூடாரமாகவும் மதுவிலக்குக் காலக் கள்ளக்கடையாகவும் இருந்த சம்லிஸ் 2007இல் சுவர் இடிந்து மூடியது. ஒன்பது ஆண்டுகள் கழித்துப் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். பழைய படங்களும் நூலட்டைகளும் சுவரில் வந்தன, உணவு விலை உயர்ந்தது, அதே ஆட்கள் வரவில்லை. 2020இல் அதுவும் போயிற்று. வயதும் புகழும் இரண்டு கடைகளுக்கும் இருந்தன.

மேத்யூ மாஹர் கடைக்கு வந்த கதையைக் கடையார் இப்படிச் சொல்வார்கள்: அயர்லாந்துக்குப் போயிருந்த ஹாரி கிர்வனின் கார் வழியில் நின்றுவிட்டது; உதவிய இளைஞனிடம், நியூயார்க் வந்தால் வேலை தருகிறேன் என்றார். 1964இல் பரிசாரகராகச் சேர்ந்த மாஹர் 1977இல் கடையை வாங்கினார். அவர் மகள் தெரசா 1994இல் பாருக்குப் பின்னால் நின்று ஏல் ஊற்றினார். கடை வரலாற்றில் அந்த வேலையைச் செய்த முதல் பெண் அவர். மாஹர் 2020 ஜனவரியில் இறந்தார். இரண்டு மாதத்தில் கொரோனா வந்து நகரின் மதுக்கடைகள் அத்தனையும் மூடின. மதுவிலக்கால் மூட முடியாத கடையும் அப்போது மூடியது. மீண்டும் திறந்தது தெரசாவின் பொறுப்பில்.

2012இல் இந்தத் தெரு, கிழக்கு வில்லேஜ் மரபுப் பகுதிக்குள் சேர்க்கப்பட்டது. அந்தப் பாதுகாப்பு கட்டடத்தின் வெளிமுகத்துக்கு மட்டும். செங்கல்லையும் சன்னலையும் மாற்ற ஆணையத்தின் அனுமதி வேண்டும். உள்ளே தொங்கும் எலும்புகளை நாளைக் காலை குப்பையில் போட யாருடைய அனுமதியும் வேண்டாம், உரிமையாளர் சரி என்றால் போதும்.